அசல் நம்மளுது, வட்டி யாருக்கு? - ஒரு சேவலின் வம்ச வரலாறு

போன கட்டுரை ஜி.எஸ்.டி. பத்தி. பாதிப் பேர் நடுவுலயே தூங்கிட்டதா கேள்வி :-) அதனால இந்த தடவை கோழி. ஆனா பி.காம். படிக்கறவன் கோழியைப் பத்தி எழுதினாலும் கணக்குதானே வரும்? அதனால ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கிறேன்.

பிராய்லர் கோழி ரெண்டு கிலோ எடைக்கு வர 35-லேர்ந்து 40 நாள் ஆகும். அதுக்கு மூணு, மூணரை கிலோ தீவனம் போதும். நம்ம நாட்டுக்கோழி ஒன்றரை கிலோ வர நாலஞ்சு மாசமாவது வேணும். இந்தக் கணக்கைப் பார்த்தா எந்த வியாபாரியும் நாட்டுக்கோழி பக்கம் திரும்பியே பார்க்க மாட்டான். அப்போ இன்னிக்கும் சில பேர் ஏன் ஒரு பெருவிடைச் சேவலுக்கு ஆயிரக்கணக்குல, சில சமயம் லட்சக்கணக்குல காசு கொடுத்து வாங்கறாங்க? நம்ம வண்ணாரப்பேட்டை சந்துல, ரெண்டாவது மாடி மொட்டை மாடியில, தண்ணி டேங்க் நிழல்ல கூண்டு கட்டி ஏன் வளர்க்கறாங்க? விடியக்காலை நாலு மணிக்கு அது கூவறதுக்கு பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட ஏன் திட்டு வாங்கறாங்க?

இதுக்கு பதில் தேடிப் போனா அது தாய்லாந்து, உறையூர், இங்கிலாந்து, அமெரிக்கான்னு சுத்திட்டு திரும்ப நம்ம கறிக்கடைக்கே வந்து நிக்குது. அந்தக் கதைதான் இது.

பேர்லயே கணக்கு இருக்கு

நம்ம ஊர்ல பெரிய ஜாதிக் கோழிக்கு பெருவிடைன்னு பேர், சின்ன உடம்பு உள்ளதுக்கு சிறுவிடை. இந்தப் பெருவிடையைத்தான் உலகம் பூரா 'அசில்'னு கூப்பிடறாங்க. அது அரபியிலேர்ந்து வந்த வார்த்தை. உயர்குடி, கலப்பில்லாத பரம்பரைன்னு அர்த்தம். அதோட வேர்ச்சொல்லுக்கு மூலம், ஆணிவேர்னு பொருள். அதே வேர்ச்சொல்தான் தமிழ்ல 'அசல்'னு வந்திருக்கு. ஆமாங்க, நம்ம அக்கவுண்ட்ஸ் பாடத்துல வர்ற அசலும் வட்டியும் அசல்தான்! அசில் சேவலும் அடகுக்கடை அசலும் ஒரே சொல்லுக்குப் பொறந்த அண்ணன் தம்பி. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சப்பவே இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு கிடைச்சிடுச்சு.

ஆள் எப்படி இருப்பான்? நெட்டுக்குத்தா நிமிர்ந்து நிக்கற உடம்பு. நீளக் கழுத்து, தடிச்ச கால், உடம்போட ஒட்டின இறகு. கொண்டை சின்னதா, பட்டாணியை அமுக்கி வெச்ச மாதிரி இருக்கும். நிறத்தை வெச்சு காகம், மயில், கீரி, கொக்கு வெள்ளைன்னு பேர் சொல்லுவாங்க. பெட்டை வீட்டு வளர்ப்புல வருஷத்துக்கு 30, 40 முட்டை போட்டா பெரிசு. முட்டைக்குன்னே உருவாக்கின வெள்ளை லெகார்ன் கலப்புக் கோழி 300-க்கு மேல போடும். இந்த ரெண்டு எண்ணையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

காட்டுலேர்ந்து வீட்டுக்கு

கோழி எங்கேர்ந்து வந்தது? சார்லஸ் டார்வின் 1868-ல வெளிவந்த புத்தகத்துல, எல்லா வீட்டுக்கோழிக்கும் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான்னு எழுதினார். சிந்து சமவெளியிலதான் முதல்ல பழக்கினாங்கன்னு ரொம்ப நாளா புத்தகங்கள்ல இருந்தது. 2020-ல 863 கோழிகளோட மரபணுவை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வு வேற இடத்தைக் காட்டிச்சு: தென்மேற்கு சீனா, வடக்கு தாய்லாந்து, மியான்மர் பகுதி. அங்க இருக்கற ஒரு உள்ளினம்தான் வீட்டுக்கோழிக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். 2022-ல வந்த இன்னொரு ஆய்வு, உறுதியா வீட்டுக்கோழின்னு சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்பு தாய்லாந்துல பான் நான் வாட்ங்கற இடத்துல கிடைச்சதுன்னும், அதோட காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் நடுவுலன்னும் சொல்லுது. நெல்லும் தினையும் விளைஞ்ச இடத்துக்கு தானியம் பொறுக்க வந்த காட்டுக்கோழி அப்படியே மனுஷனோட ஒட்டிக்கிச்சாம். பிடிச்சிட்டு வந்து கட்டி வெக்கல, அதுவா சாப்பாட்டுக்கு வந்துச்சு!

இதுல நமக்கும் ஒரு பங்கு இருக்கு. பல கோழிகளோட காலும் தோலும் மஞ்சளா இருக்கும் பாருங்க, அந்த மஞ்சள் சிவப்புக் காட்டுக்கோழி கொடுத்தது கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் தென்னிந்தியக் காடுகள்லயும் திரியற சாம்பல் காட்டுக்கோழி கொடுத்ததுன்னு 2008-ல கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காக்காரன் சாப்பிடற கோழியோட மஞ்சள் தோல்ல நம்ம மலைக் காட்டோட கையெழுத்து இருக்கு.

கோழிக்கு நடுகல் வெச்ச ஊர்

சோழர்களோட பழைய தலைநகரம் உறையூருக்கு 'கோழி'ன்னே ஒரு பேர் உண்டு. ஒரு சேவல் யானையை எதிர்த்து விரட்டின இடம்னு அங்க ஊர் கட்டினாங்கன்னு கதை. உறையூர் பஞ்சவர்ணேஸ்வரர் கோயில்ல அந்த சேவலும் யானையும் சிற்பமாவே இருக்கு. முருகன் கொடியில இருக்கறது யாருன்னு சொல்லவே வேணாம்.

சங்க காலத்துல ஒரு புலவரோட சொந்தப் பேர் நமக்குத் தெரியாது. குறுந்தொகை 305-ஆம் பாட்டுல, குப்பைமேட்டுல ஏவிவிடவும் ஆள் இல்லாம, விலக்கி விடவும் ஆள் இல்லாம சண்டை போடற கோழிகளை உவமையா சொன்னதால அவர் பேரே 'குப்பைக் கோழியார்'னு ஆயிடுச்சு. ஒரு உவமைக்காக இப்படி ஒரு பட்டப்பேர் :-) ஆனா யோசிச்சுப் பாருங்க. ஏவி விடற ஆளும், விலக்கி விடற ஆளும் இல்லாத சண்டைன்னு சொல்றார்னா, அந்த ரெண்டு ஆளும் இருக்கற முறையான சேவல் சண்டையும் அப்போ எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

இன்னும் ஆச்சரியம், விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்துலயும் செங்கல்பட்டு பக்கம் இந்தளூர்லயும் கிடைச்ச நடுகற்கள். சுமார் 1500 வருஷம் முந்தினது. போர்ல செத்த வீரனுக்கு வெக்கற மாதிரியே சண்டையில செத்த சேவலுக்குக் கல் நட்டு, அதோட உருவத்தைக் கீறி, பக்கத்துல எழுதியும் வெச்சிருக்காங்க. ஒண்ணு மேற்சேரிக் கோழி, இன்னொண்ணு கீழ்ச்சேரிக் கோழி. மேலத்தெரு டீம், கீழத்தெரு டீம்னு நம்ம கிரிக்கெட் மேட்ச் மாதிரி! சேவலை ஒரு தெருவோட மானமா நினைச்சு வளர்த்திருந்தா, அதோட அப்பன் யாரு ஆத்தா யாருன்னும் பார்த்துப் பார்த்துத்தான் அடை வெச்சிருப்பாங்க. அசில் தானா உருவானது இல்ல. நூத்துக்கணக்கான தலைமுறை மனுஷங்க தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து செஞ்ச வேலை. அந்த உழைப்புதான் நான் சொல்ற அசல்.

கப்பலேறிப் போன சேவல்

வண்ணாரப்பேட்டைக்கு இந்தப் பேர் எப்படி வந்ததுன்னு நம்ம ஏரியா பசங்களுக்குத் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செஞ்ச துணியை வெளுத்துக் கொடுத்தவங்க குடியிருந்த இடம். இங்கேர்ந்து துணி கப்பலேறிப் போச்சு. அப்புறம் மான்செஸ்டர்ல மில் வந்து, அவங்க துணி இங்க வந்து இறங்கி, நம்ம நெசவாளி வேலை இழந்த கதை பிளஸ் டூ வரலாற்றுப் பாடத்துலயே இருக்கு. துணிக்கு நடந்தது கோழிக்கும் நடந்தது. இதை யாரும் பாடத்துல சொல்லல.

இந்தியாவுல வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிங்க அசில் சேவலைப் பார்த்து மயங்கி ஊருக்கு எடுத்துட்டுப் போனாங்க. இங்கிலாந்துல கார்ன்வால் பகுதியில, வங்காளப் படையில ஜெனரலா இருந்த சர் வால்டர் ராலே கில்பர்ட், 1820-கள்ல அசிலை அவங்க ஊர் சண்டைச் சேவலோட கலந்தார்னு சொல்லுவாங்க. (அவருக்கு பாட்மின் ஊர்ல குன்று மேல பெரிய நினைவுத்தூண் இருக்கு. கோழிக்காக இல்ல, போருக்காக!) வந்த குஞ்சு சண்டைக்கு லாயக்கில்ல. ஆனா நெஞ்சுல கறி, கறி, அவ்வளவு கறி! அதுக்கு 'இந்தியன் கேம்'னு பேர் வெச்சாங்க.

இங்க ஒரு தேதி முக்கியம். 1835-ல இங்கிலாந்து சேவல் சண்டையை சட்டம் போட்டுத் தடை செஞ்சிடுச்சு. சண்டை போச்சு, சேவல் போகல. அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? 1845-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில கோழிக் கண்காட்சி நடத்தினாங்க. 1865-ல ஒவ்வொரு இனமும் எப்படி இருக்கணும், கொண்டைக்கு எவ்வளவு மார்க், காலுக்கு எவ்வளவு மார்க்னு ஒரு தர விதிப் புத்தகமே போட்டாங்க. சூதாட்டக் களத்துலேர்ந்து கண்காட்சி மேடைக்குக் கோழி மாறிடுச்சு. இந்த இடத்தை கோடு போட்டு வெச்சுக்கோங்க.

ஜெர்மனியில கோழி வளர்ப்பவர்கள் அங்கீகரிச்ச சண்டைக்கோழி இனங்கள்ல இன்னிக்கும் ஒண்ணோட பேர் 'மெட்ராஸ்'! நம்ம ஊர் பேரை 1996-ல சென்னைன்னு மாத்தியாச்சு. அங்க கூண்டு மேல இன்னும் மெட்ராஸ்தான் தொங்குது.

நாளைய கோழி

இந்தியன் கேம் அங்கேர்ந்து அமெரிக்கா போச்சு. முதல்ல 'கார்னிஷ் இந்தியன் கேம்'னு கூப்பிட்டாங்க. 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல சண்டைக்கோழி வாசனை வேணாம்னு பேரை 'கார்னிஷ்'னு சுருக்கிட்டாங்க. அதோட பேர்லேர்ந்து இந்தியாவும் போயிடுச்சு.

ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் ஏ அண்ட் பிங்கற பெரிய மளிகைச் சங்கிலிக்கடை 'நாளைய கோழி'ன்னு ஒரு போட்டிக்கு ஸ்பான்சர் பண்ணிச்சு. அகலமான நெஞ்சு, வேகமான வளர்ச்சி, குறைஞ்ச தீவனம், இதுதான் போட்டி. 1948-ல தேசிய இறுதிப் போட்டியில கலிஃபோர்னியாவோட சார்லஸ் வான்ட்ரெஸ் ஜெயிச்சார். அவரோட கோழி, கார்னிஷ் ரத்தமும் நியூ ஹாம்ப்ஷைர் ரத்தமும் கலந்தது. 1951-லயும் அவர்தான். அதுக்கப்புறம் உலகத்துல பிராய்லர்னு வந்ததெல்லாம் பெரும்பாலும் ஆண் பக்கம் கார்னிஷ், பெண் பக்கம் வெள்ளை பிளிமத் ராக் வழிதான். அதாவது நம்ம தெரு முனைக் கறிக்கடையில கூண்டுக்குள்ள உக்காந்திருக்கற வெள்ளைக் கோழி, நம்ம அசிலோட கொள்ளுப் பேரன். தாத்தா யானையை விரட்டின கதையில ஹீரோ, பேரன் நாலடி நடக்க முடியாம உக்காந்திருக்கான்.

அந்த வளர்ச்சி எவ்வளவுன்னு 2014-ல கனடாவுல ஒரு ஆய்வு வந்தது. 1957 ரகம், 1978 ரகம், 2005 ரகம் மூணையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தாங்க. 56-ஆம் நாள் எடை: 905 கிராம், 1808 கிராம், 4202 கிராம். ஹார்மோன் ஊசி எதுவும் இல்ல, எல்லாம் இனத் தேர்வுதான். "பிராய்லருக்கு ஊசி போட்டு வளர்க்கறாங்க"ன்னு வாட்ஸ்அப்ல அனுப்பறவங்களுக்கு இந்த மூணு எண்ணை அனுப்புங்க.

பூட்டு எங்க இருக்கு?

காமர்ஸ் மாணவனா எனக்கு ரொம்ப சுவாரசியமா இருந்தது இந்தப் பகுதிதான். ஒரு விவசாயி நல்ல கோழி வாங்கி, அது போட்ட முட்டையை அடை வெச்சு, அதே தரத்துல குஞ்சு எடுத்துட்டா, கம்பெனிக்கு அடுத்த வருஷம் வியாபாரம் ஏது? இதுக்கு வழி கண்டவர்கள்ல ஒருத்தர் ஹென்றி வாலஸ். ஒட்டுரக மக்காச்சோள விதைக் கம்பெனி நடத்தினவர், பின்னாடி 1941-லேர்ந்து 1945 வரை அமெரிக்கத் துணை அதிபர். சோளத்துல செஞ்சதையே கோழியில செய்யலாம்னு 1936-ல ஹை-லைன் கம்பெனி வந்தது. தனித்தனியா பல வம்சங்களைக் காப்பாத்தி, அதுங்களைக் கலந்து கடைசிக் கோழியை விக்கறது. அந்தக் கடைசிக் கோழியை நீங்க இனப்பெருக்கம் பண்ணினா குஞ்சு ஒண்ணொண்ணும் ஒரு தினுசா வரும். காப்புரிமை வேணாம், காவல்காரன் வேணாம். பூட்டு கோழிக்குள்ளயே இருக்கு! மூல வம்சம் கம்பெனி கிட்ட, வருஷா வருஷம் வாங்கறவங்க நாம.

இன்னிக்கு உலகத்து பிராய்லர் மூல இனங்கள்ல பெரும்பகுதி ஏவியாஜென், காப்-வான்ட்ரெஸ்னு ரெண்டே நிறுவனங்கள் கையில. ரெண்டாவது பேர்ல வான்ட்ரெஸ் இருக்கறதை கவனிச்சீங்களா? 1948 போட்டியில ஜெயிச்ச அதே வான்ட்ரெஸ்தான்.

திரும்பி வந்த பேரன்

இந்தியாவுல 1971-ல டாக்டர் பி.வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் ஆரம்பிச்சார். 1982-ல அவர் முயற்சியில தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது. நாமக்கல் முட்டை நகரமாச்சு. கோவைப் பக்கம் 1984-ல தொடங்கின சுகுணா, ஒப்பந்தப் பண்ணை முறையைக் கொண்டு வந்தது: குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. கொட்டகை, கரண்ட், உழைப்பு விவசாயியோடது. கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. கோழி விவசாயி கொட்டகையில இருக்கும், ஆனா கோழி அவரோடது இல்ல. நம்ம பாடத்துல கன்சைன்மெண்ட் அக்கவுண்ட் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும்.

இதனால நல்லதே நடக்கலன்னு சொன்னா அது பொய். எம்.ஜி.ஆரோட சத்துணவுத் திட்டம் 1982-ல வந்தது. 1989-ல கலைஞர் ஆட்சியில அதுல முட்டை சேர்ந்தது, 2010-ல வாரத்துக்கு 5 முட்டைன்னு ஆச்சு. வருஷத்துக்கு 35 முட்டை போடற பெருவிடையை நம்பி எந்த அரசாங்கமும் இதைச் செஞ்சிருக்க முடியாது. முன்னெல்லாம் கோழிக்கறி தீபாவளி, விருந்தாளின்னா மட்டும்தான். இப்போ வாரா வாரம் சாதாரணக் குடும்பம் வாங்க முடியுது. இதெல்லாம் அந்த வெள்ளைக்கோழி போட்ட பிச்சை. அதனால பிராய்லர் ஒழிகன்னு கோஷம் போட நான் வரல. பேரன் பொழைக்கட்டும், ஆனா தாத்தாவைத் தெருவுல விட்டுடக் கூடாதுங்கறேன், அவ்வளவுதான்.

21 நாள்

தாத்தாவை எப்படி காப்பாத்தறது? ஒரே வழி, அடை வெக்கறதுதான். நாட்டுக்கோழிக்கும் கம்பெனிக்கோழிக்கும் பெரிய வித்தியாசம் இங்கதான். லெகார்னுக்கு அடை உக்காரற புத்தியையே இனத் தேர்வுல எடுத்துட்டாங்க, ஏன்னா அடை உக்காந்தா முட்டை நின்னுடும். நாட்டுக்கோழிக்கு அது இன்னும் இருக்கு. முட்டை போட்டு முடிச்சதும் கூண்டை விட்டு எழுந்திருக்காது, கிட்ட போனா இறகை சிலிர்த்துட்டு கொக்கரிக்கும், கொத்தும். அதுதான் அடைக்கோழி.

கூடையிலயோ அகலமான மண் சட்டியிலயோ மணலோ தவிடோ கொட்டி, மேல வைக்கோல் போட்டு, பத்துலேர்ந்து பதினஞ்சு முட்டை வெப்பாங்க. முட்டை ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல பழசா இருக்கக் கூடாது, கழுவக் கூடாது. கூடவே ஒரு இரும்புத் துண்டு, கரித்துண்டு, வரமிளகாய் போடறது வழக்கம். இடி இடிச்சா முட்டை கெட்டுடாம இருக்கவாம். இதுல எவ்வளவு அறிவியல்னு தெரியாது, ஆனா நம்ம ஊர்ல எந்த வீட்டுலயும் விட மாட்டாங்க :-)

பெருவிடைப் பெட்டை கனமா இருக்கும், முட்டையை மிதிச்சு உடைச்சிடும். அதனால விவரம் தெரிஞ்சவங்க பெருவிடை முட்டையை சிறுவிடைப் பெட்டைக்கு அடியில வெப்பாங்க. அசல் ஒருத்தியோடது, அடை இன்னொருத்தி. ஏழாம் நாள் இருட்டுல டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள சிலந்தி மாதிரி ரத்தக் குழாய் தெரியும். தெரியலன்னா அது கூமுட்டை, எடுத்துடலாம். கோழி தானே முட்டையைப் புரட்டிக்கும், நடுவுல ஒரு தடவை எழுந்து தீனி தின்னுட்டு ஓடி வந்துடும். இன்குபேட்டர்ல வெச்சா 37.5 டிகிரி சூடு, ஈரப்பதம், ஒரு நாளைக்கு மூணு அஞ்சு தடவை புரட்டறது எல்லாம் நாம பார்க்கணும். 18-ஆம் நாளோட புரட்டறதை நிறுத்தணும். 21-ஆம் நாள் குஞ்சு மூக்கு நுனியில இருக்கற சின்ன முள்ளால ஓட்டைக் கொத்தி வெளிய வரும். வயித்துக்குள்ள மஞ்சள் கரு மிச்சம் இருக்கறதால ரெண்டு நாள் தீனி இல்லாமலும் தாங்கும். ஒரு நாள் குஞ்சை அட்டைப்பெட்டியில போட்டு ரயிலேத்தி ஊர் ஊரா அனுப்பற மொத்தத் தொழிலும் இந்த ரெண்டு நாள் கடன்ல ஓடறதுதான்.

அப்புறம் நம்ம ஏரியா வில்லன்கள்: பூனை, காக்கா, பெருச்சாளி. எல்லாத்துக்கும் மேல வெள்ளைக்கழிச்சல். உத்தரகாண்டில் இருக்கற ராணிகேத் ஊர் பேர்லயே இந்தியாவுல அந்த நோயை 'ராணிகேத்'னு சொல்லுவாங்க. வந்தா ஒரு தெருக் கோழியே காலி. இதுக்கான தடுப்பூசியை 1932-ல தொடங்கின ராணிப்பேட்டை நிலையம் தயாரிக்குது. பிப்ரவரி மாசத்துல கால்நடைத் துறை முகாமும் நடக்கும். மாடியில வளர்க்கறோம், நமக்கு வராதுன்னு நினைக்கறவங்க தயவுசெஞ்சு போட்டுடுங்க.

இன்னொரு முக்கியமான நுணுக்கம். ஒரு தடவை சேவலோட சேர்ந்த பெட்டை ரெண்டு வாரத்துக்கு மேலயும் அந்த விந்தை உடம்புல சேமிச்சு வெச்சு கருவுள்ள முட்டை போடும். அதனால சேவலை மாத்தின உடனே எடுக்கற முட்டைக்கு அப்பன் யாருன்னு சத்தியம் பண்ண முடியாது. மூணு வாரம் தனியா வெச்சு, அப்புறம் எடுக்கற முட்டைதான் கணக்கு. சந்துல நாலு வீட்டுக் கோழி ஒண்ணா மேயற இடத்துல 'அசல்' எப்படி தொலையுதுன்னு இப்ப புரியுதா?

இப்போ என்ன பிரச்சனை?

மூணு பிரச்சனை. ஒண்ணு, பேர். கடையில 'நாட்டுக்கோழி'ன்னு போர்டு போட்டு விக்கறதுல நிறைய, வனராஜா, கிரிராஜா மாதிரி ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கின வண்ண இறகுக் கலப்பினமா இருக்கும். அதுங்க நல்ல கோழிங்கதான், ஏழைப் பெண்களுக்கு வருமானம் கொடுக்க உருவாக்கினதுதான். ஆனா பெருவிடை, சிறுவிடையோட விலைக்கு வேற ஒண்ணை வித்தா, உண்மையானதை ஆறு மாசம் வளர்த்தவனுக்கு விலை கிடைக்காது. கெட்ட காசு நல்ல காசை விரட்டும்னு கிரஷாம் விதி படிச்சோமே, அதேதான்.

ரெண்டு, சட்டம். சேவலைக் காலங்காலமா தூய்மையா வெச்சிருந்தது சேவல்கட்டு. கரூர் மாவட்டம் பூலாம்வலசு கேள்விப்பட்டிருப்பீங்க, 2011-ல வந்த 'ஆடுகளம்' பார்த்திருப்பீங்க. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லயே விலங்குகளை சண்டைக்கு விடறதைக் குற்றமாக்கிடுச்சு. காலில் கத்தி கட்டி, உயிர் போற வரைக்கும் மோத விட்டு பணம் கட்டறதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனா சண்டையை நிறுத்தினா இனமும் அழிஞ்சிடும்னு சில பேர் பயப்படறாங்க. அதுக்கு பதில்தான் நான் கோடு போட்டு வெக்கச் சொன்ன 1835. இங்கிலாந்துல சண்டை போய் கண்காட்சி வந்தது, இனம் நின்னுச்சு. நம்ம ஊர்லயே அது ஆரம்பிச்சாச்சு. கிளிமூக்கு விசிறிவால் சேவல் தெரியுமா? கிளி மாதிரி வளைஞ்ச மூக்கு, தரையைத் தொடற நீள வால். அதை யாரும் சண்டைக்கு விடறதில்ல. திண்டுக்கல் பக்கம் நடக்கற கண்காட்சிகள்ல அழகுக்கே பரிசு, அழகுக்கே விலை. ஆரம்பத்துல சொன்ன லட்ச ரூபாய்ச் சேவல் பெரும்பாலும் இவர்தான்.

மூணு, பதிவு. கர்னாலில் இருக்கற தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு, அசில் இனத்தைப் பதிவு செஞ்சு எண் கொடுத்திருக்கு. சொந்த ஊரா அதுல இருக்கறது ஆந்திரா, சத்தீஸ்கர், ஒடிசா. நடுகல் வெச்ச தமிழ்நாடு அந்த வரியில இல்ல. பதிவு இருந்தா என்ன லாபம்னு கேக்கலாம். மத்தியப் பிரதேசம் ஜாபுவா மாவட்டத்து கருங்கோழி கடக்நாத், 2018-ல புவிசார் குறியீடு வாங்கிச்சு. அந்தப் பேருக்கு இப்போ ஒரு சொந்தக்காரர் உண்டு. நம்ம மாதவரம் பால்பண்ணையில கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே இருக்கு, வண்ணாரப்பேட்டையிலேர்ந்து பஸ் ஏறினா கொஞ்ச தூரம்தான். அங்க கோழி ஆராய்ச்சி நடக்குது. ஆனா ஆராய்ச்சி நிலையத்துல இருக்கற சில நூறு கோழி மட்டும் போதாது. ஊர் ஊரா, மாடி மாடியா சிதறிக் கிடக்கற வம்சங்கள்தான் உண்மையான வைப்பு நிதி. ஒரு மாடியில நோய் வந்தாலும் இன்னொரு மாடியில மிச்சம் இருக்கும்.

அதுக்கு லட்ச ரூபா வேணாம், ஒரு நோட்டு போதும். எந்த சேவல், எந்த பெட்டை, அடை வெச்ச தேதி, வெச்ச முட்டை எத்தனை, பொரிச்சது எத்தனை, தடுப்பூசி போட்ட தேதி, குஞ்சு யாருக்குப் போச்சு. ஏழு காலம். வெள்ளைக்காரன் 1865-ல புத்தகமா போட்டதும், வாலஸ் கம்பெனி கோடிக்கணக்குல சம்பாதிச்சதும் அடிப்படையில இந்த ஏழு காலத்தை வெச்சுத்தான். நம்ம ஆளுங்களுக்கு எல்லாம் மனப்பாடமா தெரியும். "இவன் அந்த காகத்தோட பேரன், அந்த வருஷம் மழைக்கு முன்னாடி பொரிச்சது"ன்னு சொல்லுவாங்க. ஆனா அவங்களோட அந்தக் கணக்கும் போயிடும். எழுதி வெச்சது இருந்தாதான் நாளைக்கு பதிவுக்குப் போனாலும், கண்காட்சிக்குப் போனாலும், விலை பேசினாலும் ஆதாரம்.

நம்ம வகுப்புல வீட்டுல கோழி வளர்க்கறவங்க ரெண்டு மூணு பேராவது இருக்கீங்கன்னு தெரியும். நோட்டுல கோடு போட்டுத் தர நான் ரெடி, லெட்ஜர் போடறதுதானே நமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை :-) வளர்க்காதவங்க அடுத்த தடவை 'நாட்டுக்கோழி' வாங்கும்போது கடைக்காரர் கிட்ட "அண்ணே, இது பெருவிடையா, சிறுவிடையா, கலப்பா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாலு பேர் கேட்டா அவர் சரக்கு அனுப்பறவர் கிட்ட கேப்பார்.

உங்க ஊர்ல சேவலுக்கு வேற பேர், அடை வெக்க வேற முறை இருந்தா எழுதுங்க, சேர்த்துக்கறேன். அடுத்த கட்டுரை அனேகமா காசிமேடு ஏலம் பத்தி. அதுவரைக்கும், வரட்டா!